விசிறி எந்நேரமும் முழு வேகமா? டக்ட் அழுத்தக் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துத் தையல் தொழிற்சாலைகள், பெரிய கடைகள், அலுவலகக் கட்டடங்கள், கலியாண மண்டபங்கள் ஆகியவற்றில் காற்றோட்டத்தைப் பராமரிப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒரு ஏ.எச்.யூ. (காற்றைக் குளிரவைத்துத் தள்ளும் பெரிய பெட்டி), அதன் விசிறி மோட்டரின் வேகத்தை மாற்றும் ட்ரைவ் (சில இடங்களில் இன்வேர்ட்டர் என்பார்கள்), டக்டில் (காற்றைக் கொண்டுபோகும் வழி) ஓர் அழுத்த சென்சர், அறைகளுக்கு வி.ஏ.வி. பெட்டிகள் (டம்பர் என்ற தகட்டைத் திறந்து மூடி அறைக்குப் போகும் காற்றளவை மாற்றுபவை). சென்சர் காட்டும் அழுத்தம் செட் பொயின்டைவிட (பதிந்து வைத்த இலக்கு எண்) குறைந்தால் ட்ரைவ் வேகத்தைக் கூட்டும், கூடினால் குறைக்கும்.

இந்த அமைப்பு தன் நோயைத் தானே மறைக்கும். ஃபில்டர் அடைத்தாலும் டக்ட் கிழிந்தாலும் விசிறி வேகத்தைக் கூட்டி ஈடுசெய்துவிடும். அறையில் குளிர் குறையாது, யாரும் முறையிட மாட்டார்கள், கரண்ட் பில் மட்டும் மாதாமாதம் ஏறும். ஆகவே அறைகளைவிட முதலில் கவனிக்க வேண்டியது ட்ரைவ் காட்டும் ஹேர்ட்ஸ் எண்ணைத்தான் (விசிறி வேகத்தின் அளவு, 50 என்றால் முழு வேகம்). தினமும் பிற்பகல் 2 மணிக்கு ஹேர்ட்ஸ், டக்ட் அழுத்தம், கிலோவாற்று, ஃபில்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசம் என்ற நான்கையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். கீழே வரும் சோதனைகளில் பாதி அந்தக் கொப்பி இருந்தால் ஐந்து நிமிட வேலை.

கட்டுப்பாட்டு வேலை தெரிந்தவர் பெரும்பாலும் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும். வந்து போகும் செலவே பெரிது. அவர் வந்து செய்வது சென்சர் குழாயை மாட்டுவது மட்டுமாக இருந்துவிடக் கூடாது.

## தொடங்குமுன்

மல்ற்றிமீற்றர், கிளாம்ப் மீற்றர், 0–1000 பாஸ்கல் டிஜிட்டல் மனோமீற்றர் (அழுத்தம் அளக்கும் கருவி), ஊதுபத்தி, டோர்ச். மனோமீற்றர் இல்லையென்றால் மேசன்மார் மட்டம் பார்க்கும் கண்ணாடிக் குழாய் போதும். அதை U வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதிக்குத் தண்ணீர் விட்டு, ஒரு முனையை டக்டில் செருகி மறுமுனையைத் திறந்து விடுங்கள். இரு பக்க நீர்மட்ட வித்தியாசத்தில் 1 மில்லிமீற்றர் ஏறத்தாழ 10 பாஸ்கல். 25 மில்லிமீற்றர் என்றால் 250 பாஸ்கல். 50 பாஸ்கலுக்குக் கீழே இந்த முறையை நம்பாதீர்கள்.

பெட்டிக்குள் கை வைக்குமுன் மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் பையில் வையுங்கள். ட்ரைவின் உள்ளே இருக்கும் கப்பாசிற்றர்கள் கரண்ட் நின்ற பின்னும் ஆளைக் கொல்லும் அளவு மின்னேற்றத்தை வைத்திருக்கும். 15 நிமிடம் காத்திருந்து, மூடியில் அச்சிட்டிருக்கும் நேரம் அதைவிடக் கூடுதல் என்றால் அதையே பின்பற்றி, மீற்றர் வைத்து உறுதி செய்துவிட்டுத் தொடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் நிறுத்திய விசிறியும் காற்றுக்குச் சுழலும். சில்லைக் கட்டிவிட்டுத்தான் பெல்ட்டில் கை வைக்க வேண்டும்.

## அறிகுறி 1: விசிறி காலை முதல் மாலை வரை 48–50 ஹேர்ட்ஸில் ஓடுகிறது

முறையீடுகளில் இதுதான் அதிகம். முதலில் ட்ரைவின் முகப்பைப் பாருங்கள். கை இயக்கத்தில் அல்லது பைபாஸில் (ட்ரைவைத் தவிர்த்து மோட்டருக்கு நேரே மின் போகும் வழி) இருந்தால் சென்சர் என்ன சொன்னாலும் ட்ரைவ் கேட்காது. ஒருநாள் ட்ரிப் ஆனபோது அவசரத்துக்குப் பைபாஸில் போட்டு, பிறகு திருப்பாமல் விட்ட இடங்கள் ஏராளம். தானியங்கிக்கு மாற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். தீ எச்சரிக்கைப் பலகையிலிருந்து வரும் வயர் முழு வேகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கேட்டால் அந்த வயரைக் கழற்றாதீர்கள், தீப் பாதுகாப்பு ஆளைக் கூப்பிடுங்கள்.

தானியங்கியில்தான் இருக்கிறது என்றால், திரையில் தெரியும் அழுத்தத்தைச் செட் பொயின்டுடன் ஒப்பிடுங்கள். இங்கே வழி மூன்றாகப் பிரிகிறது.

### 1அ. திரை பூச்சியம் அல்லது பூச்சியத்துக்குக் கிட்டவாகக் காட்டுகிறது

டக்டில் காற்று நிறைய இருக்கிறது, சென்சருக்குத்தான் தெரியவில்லை. ஆறு மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குழாயை டக்டிலிருந்து சென்சர் வரை கையால் தடவிக்கொண்டே போங்கள். கழன்றிருக்கும், வெயிலில் வெடித்திருக்கும், அல்லது சீலிங் சட்டத்தில் நசிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு: குளவி. வெளிச்சுவரில் அல்லது கூரைக்கு மேல் திறந்திருக்கும் குழாய் முனையைக் குளவி களிமண்ணால் அடைத்துவிடும். கோடையில் இரண்டு கிழமை போதும். மெல்லிய கம்பியால் குத்தி எடுத்து, முனையில் துருப்பிடிக்காத நுண்வலை ஒன்றைக் கட்டி விடுங்கள்.

குழாயை ஊதிச் சுத்தம் செய்வதென்றால் முதலில் சென்சரிலிருந்து கழற்றுங்கள். மாட்டியபடி வாயால் ஊதினால் சில ஆயிரம் பாஸ்கல் போகும். 500 பாஸ்கல் சென்சரின் உள்தோல் அதைத் தாங்காமல் போகலாம்.

குழாய் நன்றாக இருந்தால் சென்சரைச் சோதியுங்கள். இரண்டு குழாய்களையும் கழற்றிய நிலையில் 4–20 மில்லிஅம்பியர் சென்சர் சரியாக 4.0 காட்ட வேண்டும். 0–10 வோல்ற்று வகை பூச்சியம் காட்ட வேண்டும். எதுவுமே வராவிட்டால் முதலில் சென்சருக்கு 24 வோல்ற்று வருகிறதா என்று பாருங்கள். மின்னல் அடித்த மறுநாள் என்றால் சென்சரை மாற்றத் தயாராகுங்கள்.

### 1ஆ. திரை ஓர் எண் காட்டுகிறது, ஆனால் செட் பொயின்டை எட்டவில்லை

சென்சர் குழாயில் ரீ-துண்டு (T வடிவ இணைப்பு) ஒன்று போட்டு மனோமீற்றரை இணைத்து இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள். மனோமீற்றர் 480, திரை 240 என்று சரி பாதியாக இருந்தால் காரணம் தெளிவு: சென்சரின் அளவெல்லை 0–1000, ட்ரைவில் 0–500 என்று பதிந்திருக்கிறார்கள். சென்சர் மாற்றும்போது கையில் கிடைத்ததை மாட்டிவிட்டு அளவெல்லையை மாற்ற மறப்பதால் இப்படி வரும். விசிறி தேவைக்கு இரட்டிப்பான அழுத்தத்தை உருவாக்க முயன்றுகொண்டே இருக்கும். ட்ரைவில் ஓர் எண்ணைத் திருத்தினால் முடிந்தது. 0–500 சென்சருக்கு 12 மில்லிஅம்பியர் என்றால் 250 பாஸ்கல். இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கேயும் சரிபார்க்கலாம்.

இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் அழுத்தம் உண்மையிலேயே குறைவு. மலிவானதிலிருந்து தேடுங்கள்.

ஃபில்டர். அழுத்த சென்சர் ஃபில்டருக்கு அப்பால் டக்டில் இருப்பதால், ஃபில்டர் அடைப்பதை அது நேரடியாகச் சொல்லாது. புதிய மடிப்பு ஃபில்டரில் ஏறத்தாழ 50 பாஸ்கல் இறங்கும். 150ஐத் தாண்டினால் கழற்றுங்கள், 200 வரை விடாதீர்கள். கிரவல் றோட்டுப் பக்கம் வெளிக்காற்று எடுக்கும் கட்டடங்களில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ற கொழும்புக் கணக்கு பொருந்தாது. காலபோக அரிவி வெட்டும் சூடடிப்பும் நடக்கும் மாசி, பங்குனியில் வைக்கோல் தூசு ஒரே மாதத்தில் அடைத்துவிடும். நாட்காட்டியை விட்டு அழுத்த வித்தியாசத்தைப் பார்த்து மாற்றுங்கள். கழுவும் வகையென்றால் தூசு வந்த திசைக்கு எதிர்ப்புறமிருந்து தண்ணீர் அடித்து, முற்றாக உலர விட்டு மாட்டுங்கள். தடியால் தட்டினால் நார் பிரிந்து ஓட்டை விழும்.

கான்வஸ் இணைப்பு. விசிறிக்கும் டக்டுக்கும் நடுவே உள்ள துணி வளையம் முதலில் கிழியும் இடம். ஊதுபத்தியைச் சுற்றிலும் கொண்டு போங்கள், புகை தள்ளப்படும் இடத்தில் கிழிசல் இருக்கும். அங்கிருந்து டக்ட் மூட்டுகளையும் அதே மாதிரிப் பாருங்கள். கூரைக்கு மேல் ஓடும் டக்டில் குரங்கு ஏறி இன்சுலேஷனைப் பிய்த்துவிடும். சீலிங்குக்குள் ஓடும் வளையும் டக்டை எலியும் மரநாயும் கிழிக்கும். சிறிய வெடிப்புக்கு அலுமினியம் ஃபொயில் டேப். துணி டேப் எங்கள் வெயிலுக்கு ஒரு வருடமும் நிற்காது.

பெல்ட். கப்பிகளுக்கு நடுவே பெல்ட்டை விரலால் அழுத்தினால் ஒரு மீற்றர் இடைவெளிக்கு ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் தாழ வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் தளர்வு. பெட்டியின் அடியில் கறுப்புத் தூள் கிடந்தால் வழுக்குகிறது என்று பொருள். இரண்டு பெல்ட் ஓடும் கப்பியில் ஒன்றை மட்டும் புதிதாகப் போடாதீர்கள், முழுச் சுமையும் புதியதில் ஏறி விரைவில் அறும்.

சுழலும் திசை. மோட்டர் மாற்றிய பிறகோ ரீவைண்ட் பண்ணிய பிறகோ வந்த குறை என்றால் இதை முதலிலேயே பாருங்கள். மையவிலக்கு விசிறி எதிர்த்திசையில் சுழன்றாலும் ஓரளவு காற்று முன்னாலேயே வரும். அதனால் ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. பெட்டியில் உள்ள அம்புக்குறியோடு ஒப்பிடுங்கள். ட்ரைவிலிருந்து மோட்டருக்குப் போகும் மூன்று வயர்களில் இரண்டை மாற்றினால் சரியாகும். வீதி மின் லைனில் வேலை நடந்த பிறகு, அல்லது ஜெனரேற்றரில் ஓடும்போது, பைபாஸில் மட்டும் திசை மாறுவதும் உண்டு. ட்ரைவ் தனக்கு வரும் பேஸ் வரிசையைக் கவனிப்பதில்லை, பைபாஸ் அப்படியே எடுத்துக்கொள்ளும்.

இவை எல்லாம் சரி, குளிரூட்டும் கொயிலின் தகடுகளும் சுத்தம், ஆனாலும் அழுத்தம் எட்டவில்லை என்றால் அறைகள் கூடி விசிறிக்குச் சுமை அதிகமாகியிருக்கலாம். காற்றளவு அளந்து கணக்குப் போட வேண்டிய இடம் இது. ஆளைக் கூப்பிடுங்கள்.

### 1இ. அழுத்தம் செட் பொயின்டிலேயே நிற்கிறது, வேகமும் உச்சத்தில்

1ஆவில் சொன்ன ஃபில்டர் அடைப்போ டக்ட் கிழிசலோ இல்லையென்றால், எல்லாம் சொன்னபடி வேலை செய்கிறது, சொன்ன எண்தான் மிகை. கட்டடம் திறந்த நாளில் ஒருவர் 400 அல்லது 500 என்று போட்டுவிட்டுப் போயிருப்பார். சென்சர் நீண்ட டக்டின் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், வளைவுக்கு உடனே பின்னால் அல்லாமல் நேரான பகுதியில் இருந்தால், 300 பாஸ்கலுக்கு மேல் தேவைப்படுவது அரிது. சென்சரை விசிறி வாசலிலேயே பொருத்தியிருந்தால் டக்டின் முழு இழப்பையும் சேர்த்து எண் வைக்க வேண்டிவரும், மிச்சம் பிடிக்க வழியிராது. குழாயை நீட்டி அளவெடுக்கும் இடத்தைத் தள்ளுவது சில ஆயிரம் ரூபாய் வேலைதான்.

சரியான எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை: வைகாசி, ஆனி போன்ற கடும் வெயில் மாதத்தில், பிற்பகல் 2 மணிக்கு, எல்லா அறையிலும் ஆள் இருக்கும்போது தொடங்குங்கள். செட் பொயின்டை 25 பாஸ்கல் குறையுங்கள். 15 நிமிடம் பொறுங்கள். எல்லா வி.ஏ.வி. பெட்டிகளின் டம்பர் திறப்பையும் பாருங்கள். மறுபடி 25 குறையுங்கள். ஏதாவது ஒரு டம்பர் 90–95 சதவீதம் திறந்தும் அந்த அறைக்குரிய காற்று சரியாகப் போகிறது என்ற நிலை வந்ததும் நிறுத்தி, அந்த எண்ணோடு பத்தில் ஒரு பங்கு கூட்டி வையுங்கள். அதுதான் உங்கள் கட்டடத்தின் உச்ச எண்.

என்ன மிஞ்சும்? செக்கனுக்கு 5 கன மீற்றர் காற்றுத் தரும் விசிறியில் 100 பாஸ்கல் குறைத்தால், விசிறியும் பெல்ட்டும் மோட்டரும் சேர்ந்த வினைத்திறன் 55 சதவீதம் என்று வைத்தால், 0.9 கிலோவாற்று குறையும். நாளுக்கு 12 மணி, மாதத்துக்கு 26 நாள் என்றால் ஏறத்தாழ 280 யூனிட். உங்கள் பில்லில் உள்ள யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். காசு போட்டு ஒரு பொருளும் வாங்காமல் வருவது அது.

## அறிகுறி 2: செட் பொயின்ட் தானாக இறங்க வேண்டிய அமைப்பு, ஆனால் உச்சத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது

நிலையான எண்ணைவிடத் தேவைக்கேற்ப ஏறி இறங்கும் எண் கூடுதலாக மிச்சம் தரும். காலையிலும் மாரி காலத்திலும் அரைவாசி அழுத்தமே போதும். ஆஷ்ரே (அமெரிக்கக் காற்றுச்சீராக்கல் பொறியியலாளர் சங்கம்) வழிகாட்டி 36 தரும் தொடக்க எண்கள் இவை: செட் பொயின்ட் 120 பாஸ்கலில் தொடங்கும், 2 நிமிடத்துக்கு ஒருமுறை 12 பாஸ்கல் இறங்கும். டம்பர் 95 சதவீதத்தைத் தாண்டிய பெட்டி அழுத்தம் போதாது என்று ஒரு கோரிக்கை அனுப்பும், 85க்குக் கீழே இறங்கும்வரை அது நீடிக்கும். முதல் 2 கோரிக்கைகள் கணக்கில் இல்லை. அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 15 பாஸ்கல் கூடும், ஒரே தடவையில் 32க்கு மேல் கூடாது. கீழெல்லை 25 பாஸ்கல்.

இது உச்சத்தில் ஒட்டினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு அறைகள்தான் காரணம். டம்பர் முழுதும் திறந்தும் காற்றுப் போதாத அறையிலிருந்து கோரிக்கை பலமடங்காகப் போகும். காற்று 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் இரண்டு, 50க்குக் கீழே என்றால் மூன்று. மூன்று கோரிக்கை அனுப்பும் ஒரே அறை தனியாகவே முழு விசிறியையும் இழுத்துப் பிடித்துவிடும். இருபது அறைகள் சும்மா இருக்க ஒன்றுக்காகக் கட்டடம் முழுவதும் கரண்ட் போகும். பணத்தில் பார்த்தால் இங்கே சொல்லும் கோளாறுகளில் இதுதான் பெரியது. கட்டடத்தின் கட்டுப்பாட்டுக் கணினித் திரையில் எல்லாம் பச்சையாகவே தெரிவதால் வருடக்கணக்கில் கவனிக்கப்படாமலும் கிடக்கும்.

அந்த அறையைப் பிடிப்பது எப்படி? ஒரு கிழமைக்கு ஒவ்வொரு பெட்டியின் கோரிக்கையையும் பதிவு செய்யுங்கள். கணினியில் பதிவு வசதி இல்லையென்றால் மணிக்கு ஒருமுறை திரையைப் பார்த்துக் கோடு போடுங்கள். ஓடிய நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்த பெட்டிதான் ஆள். அந்த அறைக்குப் போய் இந்த ஒழுங்கில் பாருங்கள்:

- தெர்மோஸ்டற்றை ஒருவர் 16 அல்லது 18 பாகைக்குத் திருப்பியிருக்கிறாரா? 24க்கு வைத்துப் பூட்டுங்கள். செலவு இல்லை.
- தெர்மோஸ்டற்றுக்குக் கீழே போட்டோகொப்பி இயந்திரமோ குளிர்சாதனப் பெட்டியோ நிற்கிறதா? மேற்கு வெயில் நேரே படுகிறதா? அதை இடம் மாற்றுங்கள்.
- வளையும் டக்ட் சீலிங் கம்பியில் மடிந்து கிடக்கிறதா? நேராக்கி, ஒன்றரை மீற்றருக்கு ஒரு அகலப் பட்டியால் தாங்குங்கள்.
- டம்பர் மோட்டர் சுழல்கிறது, தண்டு சுழலவில்லையா? தண்டின் முனையில் பேனாவால் கோடு கீறி, 0 என்றும் 100 என்றும் கட்டளை கொடுங்கள். கோடு கால் வட்டம் திரும்பாவிட்டால் பிடிக்கும் நட்டு தளர்ந்திருக்கிறது.
- பெட்டியின் காற்றளவுக் குழாயில் தூசு அடைத்திருக்கிறதா? குழாயைக் கழற்றி மெதுவாக எதிர்த்திசையில் காற்று விடுங்கள். சென்சர் பக்கம் விடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் அறை கேட்டுக்கொண்டே இருந்தால் பெட்டி அந்த அறைக்குச் சிறிது. பின்னர் கணினி சேர்வர்களைக் கொண்டு வந்து வைத்த அறையாக இருக்கும். அதற்குத் தனி ஏசி ஒன்று போடுவது, முழு விசிறியையும் உச்சத்தில் ஓட்டுவதைவிட மலிவு. போடும்வரை அந்த அறையின் கோரிக்கையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் எடுத்த திகதியையும் காரணத்தையும் கொப்பியில் எழுதுங்கள், இல்லையேல் அறை அப்படியே மறக்கப்பட்டுவிடும்.

பெட்டிகள் கணினியோடு இணைக்கப்படாத பழைய கட்டடமா? ட்ரைவிலேயே இரண்டு செட் பொயின்ட் வைக்கலாம். டைமர் ஒன்றால் காலை 10 மணிவரை குறைந்த எண், பிறகு உச்ச எண். முழு மிச்சம் வராது, ஆனாலும் நல்ல பங்கு வரும்.

## அறிகுறி 3: வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது

ட்ரைவைக் கை இயக்கத்தில் 40 ஹேர்ட்ஸில் நிறுத்தி அழுத்தத்தைப் பாருங்கள். அழுத்தம் அசையாமல் நின்றால் ட்ரைவின் கட்டுப்பாட்டு எண்கள்தான் பிழை. அழுத்தமே ஆடினால் குறை வெளியே.

முதல் வகைக்கு: இப்போதுள்ள எண்களைப் படம் எடுத்துவிட்டு, பெருக்கத்தை (gain) பாதியாக்குங்கள், தொகையீட்டு நேரத்தை (integral time) இரட்டிப்பாக்குங்கள். வேகம் ஏறும் நேரம் 30 செக்கனுக்கும், இறங்கும் நேரம் 60 செக்கனுக்கும் குறையக் கூடாது. சென்சர் சமிக்ஞைக்கு 2–3 செக்கன் சராசரி போடுங்கள். இரண்டு தடவை செய்தும் அடங்காவிட்டால் மேலும் கிண்டாமல் கட்டுப்பாட்டு ஆளுக்கு விடுங்கள்.

இரண்டாவது வகையில், மாரி காலத்தில் வரும் ஆட்டம் பெரும்பாலும் சென்சர் குழாயில் தேங்கிய தண்ணீர். தொங்கும் இடத்தில் துளி நின்று மேலும் கீழும் ஓடும். குழாயை டக்ட் பக்கம் சரியும்படி கட்டுங்கள். சென்சர் வளைவுக்கோ டம்பருக்கோ கிட்ட இருந்தாலும் ஆடும்.

ஆட்டத்தின் ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்குள் என்றால் ட்ரைவைச் சந்தேகியுங்கள். பத்து இருபது நிமிடம் என்றால் அறிகுறி 2இல் சொன்ன, செட் பொயின்டை மாற்றும் கணக்கு வேகமாக ஓடுகிறது, இடைவெளியை 2 நிமிடத்திலிருந்து 4ஆக்குங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் பெட்டி அதிர்ந்தால் அந்த ஹேர்ட்ஸைத் தாண்டிப் போகும்படி ட்ரைவில் பதியலாம். அதிர்வு எல்லா வேகத்திலும் இருந்தால் பெயரிங் அல்லது சில்லின் சமநிலை. நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 4: வேகம் குறைந்துவிட்டது, பில் குறையவில்லை

நேரக் கடிகாரத்தைப் பாருங்கள். கரண்ட் போய் வந்தபின் பின்தங்கிய டைமரால் விசிறி இரவிரவாக ஓடும் கட்டடங்கள் உண்டு. பற்றரி உள்ள டைமர் போடுங்கள். கைத்தொழில் மீற்றரில் மாலை 6.30 முதல் 10.30 வரை உச்ச விலை என்பதால், பிந்தி நிற்கும் ஒவ்வொரு மணியும் இரட்டைக் காயம்.

ட்ரைவின் குறைந்தபட்ச வேகம் 35 ஹேர்ட்ஸ் என்று பதிந்திருந்தால் அதற்குக் கீழே இறங்காது. சாதாரண விசிறி மோட்டருக்கு 20 வரை இறக்கலாம். மோட்டர் சூட்டை முதல் நாள் கவனியுங்கள்.

பழைய விசிறிக்குப் பின்னாளில் ட்ரைவ் பொருத்திய இடங்களில் விசிறி வாய்த் தகடுகளையோ மெயின் டம்பரையோ பாதி மூடியபடி விட்டிருப்பார்கள். ஒரு காலால் பிறேக்கை மிதித்துக்கொண்டு மறுகாலால் அக்சிலரேற்றரை மிதிப்பதுதான் அது. முழுதும் திறந்து, அசையாமல் பூட்டுங்கள். பிறகு செட் பொயின்ட் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

42 கே.வி.ஏ.க்கு மேற்பட்ட இணைப்பு என்றால் பில்லில் உச்சக் கேள்விக்கு (மாதத்தில் ஒரு நேரத்தில் எடுத்த மிகக் கூடிய மின்வலு) தனிக் கட்டணம் உண்டு. காலையில் பிடித்த மிச்சம் அதைக் குறைக்காது. பிற்பகலின் உச்ச எண்ணைக் குறைத்தால்தான் அது இறங்கும்.

## அறிகுறி 5: கடைசி அறைக்குக் காற்று வரவில்லை

உடனே செட் பொயின்டைக் கூட்டாதீர்கள். ஓர் அறையின் குறைக்குக் கட்டடம் முழுவதும் விலை கொடுக்கும். அறிகுறி 2இல் உள்ள ஐந்தையும் அந்த அறையில் பாருங்கள். அதோடு, சுவர் கடக்கும் இடத்தில் தீ டம்பர் (தீப்பிடித்தால் தானே மூடும் தகடு) விழுந்திருக்கிறதா என்று பார்வைத் துவாரத்தால் பாருங்கள். அதன் உருகு இணைப்பு பொதுவாக 72 பாகையில் அறும், பழசானால் சும்மாவும் அறும். கம்பியால் கட்டித் திறந்து வைப்பது உயிரோடு விளையாடுவது. புதிய இணைப்பை அந்த வேலை தெரிந்தவர் போடட்டும்.

## அறிகுறி 6: கதவு திறக்கப் பாரமாக இருக்கிறது, இடுக்கில் விசில் சத்தம்

உள்ளே வரும் காற்றும் வெளியேற்றும் காற்றும் ஒத்துப்போகவில்லை. வழங்கும் விசிறி அழுத்தத்துக்கேற்ப வேகம் குறைத்தபோது, மலசலகூட, சமையலறை வெளியேற்று விசிறிகள் பழைய வேகத்திலேயே ஓடினால் கட்டடம் வெளித்தூசியை உறிஞ்சும். கதவு இடுக்கில் ஊதுபத்தி பிடியுங்கள். புகை உள்ளே போனால் வெளியேற்றல் மிகை. தேவையில்லாத நேரத்தில் அவற்றை நிறுத்துவது முதல் வேலை, அவற்றுக்கும் ட்ரைவ் போடுவது கடைசி வேலை.

## அறிகுறி 7: ஈரப் பேட் சுவர் உள்ள தொழிற்சாலையில் விசிறிகள் எல்லாம் ஓடியும் புழுக்கம்

ஒரு சுவரில் ஈரப் பேட் (தண்ணீர் வழியும் கடதாசி மடிப்பு), எதிர்ச் சுவரில் பெட்டி விசிறிகள் என்ற அமைப்பிலும் அழுத்தம்தான் கதை சொல்லும். கதவுகளை மூடி, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை டிஜிட்டல் மனோமீற்றரால் அளவிடுங்கள். இந்த அளவு சிறியது, தண்ணீர்க் குழாய்க்கு அகப்படாது. பேட் புதிதாக இருந்தபோது எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

எண் குறைந்திருந்தால் காற்று குறுக்கு வழியால் வருகிறது. திறந்த கதவு, உடைந்த யன்னல், எல்லாவற்றுக்கும் மேலாக நிறுத்திய விசிறியின் மூடாத தகடு. ஓடும் விசிறி தள்ளிய காற்று நின்ற விசிறியின் வழியே திரும்பி உள்ளே வந்துகொண்டிருக்கும். தகட்டுப் பிணைச்சல்களின் தூசைத் துடைத்துச் சுதந்திரமாக விழச் செய்யுங்கள்.

எண் இரட்டிப்பாகியிருந்தால் பேட் அடைத்துவிட்டது. வன்னிக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு பேட்டில் வெள்ளையாகப் படியும். தண்ணீர் ஆவியாகும், உப்பு நிற்கும். ஆகவே தொட்டியிலிருந்து சிறிதளவு தண்ணீரை எந்நேரமும் வெளியே விட்டுக்கொண்டிருக்க வேண்டும், கிழமைக்கு ஒருமுறை முழுதும் திறந்து விட வேண்டும். தண்ணீரை மிச்சம் பிடிக்க நினைத்து இதை மூடினால் பேட் போய்விடும், அதன் விலை பெரிது. வேலை முடிந்ததும் பம்பை நிறுத்தி அரைமணி விசிறியை ஓட்டிப் பேட்டை உலர்த்துங்கள், பாசி பிடிக்காது. கல்லாகிவிட்ட படிவை அமிலத்தால் கழுவ முயன்றால் கடதாசி மடிப்பு பழுதாகலாம். மாற்றுவதுதான் வழி. மாரியில் காற்றே ஈரமாக இருக்கும்போது பம்ப் ஓடினால் புழுக்கம் கூடும், நிறுத்துங்கள்.

## அறிகுறி 8: ட்ரைவ் அடிக்கடி ட்ரிப் ஆகிறது

திரையில் வரும் குறியீட்டை அழிக்குமுன் எழுதுங்கள்.

குறை வோல்ற்று என்றால் மூன்று பேஸையும் அளவிடுங்கள். 400 வோல்ற்றிலிருந்து எவ்வளவு கூடிக் குறையலாம் என்பதற்கு ஓர் அனுமதி எல்லை உண்டு. லைன் கடைசியில் இருக்கும் கட்டடத்தில் மாலையில் இதற்குக் கீழே போனால் நேரத்தோடு எழுதி மின் விநியோக நிறுவனத்திடம் முறையிடுங்கள். மிகை வோல்ற்று வேகம் குறைக்கும்போது மட்டும் வந்தால் இறங்கும் நேரத்தைக் கூட்டினால் போதும். மிகைச் சூடு என்றால் ட்ரைவின் சிறு விசிறியையும் அதன் தூசு வலையையும் சுத்தம் செய்யுங்கள். தகரக் கூரைக்குக் கீழே உள்ள அறையென்றால் காற்றோட்டம் கொடுங்கள். மிகை மின்னோட்டம் என்றால் சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள், இறுகினால் பெயரிங்.

ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்குமுன் மின்னெழுச்சிக் காப்பையும் எர்த் இணைப்பையும் பார்க்க வைப்பது நல்லது. கோடையில் மண் காய்ந்ததும் எர்த் தடை கூடிவிடும். எர்த் பிழை (ground fault) என்ற குறியீடு, எரிந்த மணம், அல்லது ரீசெற் செய்ததும் உடனே ட்ரிப் என்றால் இரண்டாம் முறை முயலாதீர்கள்.

## தொடக்கூடாத இடங்கள், கூப்பிடும்போது சொல்ல வேண்டியவை

சத்திரசிகிச்சைக் கூடம், தொற்றுத் தனிமைப் பிரிவு, ஆய்வுகூடப் புகைப்பெட்டி, தீப்புகை வெளியேற்று விசிறி ஆகியவற்றின் அழுத்தம் கரண்டைவிட முக்கியமான காரணத்துக்காக வைக்கப்பட்டது. அங்கே செட் பொயின்டில் கை வைக்காதீர்கள், அளந்து எழுதி மட்டும் கொடுங்கள்.

மற்ற இடத்துக்கு ஆளைக் கூப்பிடும்போது தொலைபேசியிலேயே இவற்றைச் சொல்லுங்கள்: ட்ரைவின் மாதிரி எண், பிழைக் குறியீடு, பிற்பகல் 2 மணி ஹேர்ட்ஸ், திரை காட்டிய அழுத்தம், மனோமீற்றர் காட்டிய அழுத்தம், சென்சரில் அச்சிட்ட அளவெல்லை, ஃபில்டர் அழுத்த வித்தியாசம், மூன்று பேஸ் வோல்ற்று, கடைசியாக யார் எதை மாற்றினார்கள். சென்சர் அளவெல்லை தெரிந்தால் அவர் சரியான சென்சரையே கையோடு கொண்டு வருவார், இரண்டாம் பயணம் தேவைப்படாது.